யூதர் வீட்டுத் தூரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துத் தேர்வு எழுத வைத்த செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. அதிலிருந்து உங்கள் வாசகர் பகுதியில் தீட்டு பற்றிய வாதம் ஓயவில்லை. சென்ற வாரம் வந்த கடிதம் ஒன்று யூதர்களைச் சாட்சிக்கு இழுத்திருந்தது. படித்த இனம், அவர்களே மாதம் 12 நாள் பெண்ணைத் தனியாக வைக்கிறார்கள், அறிவியல் இல்லாமலா செய்வார்கள் என்று கேட்டிருந்தது. பக்கத்தில் ஒரு குடிசைப் படமும் போட்டிருந்தீர்கள். இதே வாசகம் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. அதில் 12 என்ற எண் மட்டும் சரி.

எபிரேய மொழியில் மாதவிலக்கில் இருக்கும் பெண்ணுக்கும் அந்த நிலைக்கும் ஒரே சொல்தான்: நித்தா. விலகுதல், விலக்கி வைத்தல் என்ற பொருளுள்ள வேரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். 'வீட்டுக்குத் தூரம்', 'விலக்கு' என்று நம் பக்கம் சொல்வதற்கு இதைவிட நெருங்கிய சொல் வேறு மொழியில் கிடைப்பது அரிது. ஆனால் எதிலிருந்து தூரம் என்று கேட்டால் இரண்டு வழக்கும் பிரிந்து போகும். இங்கே தூரம் என்பது அடுப்படிக்கு, சாமி அலமாரிக்கு, கோயிலுக்கு, ஊறுகாய் ஜாடிக்கு. தனி வட்டல், தனி டம்ளர், தனிப் பாய், ஆசாரத்து மூலை. சில இடங்களில் தோட்டத்துச் சாளை. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்கு ஊத்திக்கொண்டு உள்ளே வர வேண்டியதுதான். புருசன் பெண்டாட்டிக்கு இடையில் அந்த நாட்களில் என்ன முறை என்பதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

யூத வீட்டில் இது அப்படியே தலைகீழ். நித்தாவாக இருக்கும் பெண் சமைக்கிறாள், வீடே அதைச் சாப்பிடுகிறது. வெள்ளி மாலை சூரியன் மறையும் முன் சப்பாத் என்ற ஓய்வுநாளின் விளக்கை ஏற்றி ஆசிமொழி சொல்வது அவள்தான். ஜெபம் செய்கிறாள், வேதம் படிக்கிறாள், தன் கட்டிலில் தூங்குகிறாள். விலகி நிற்க வேண்டியது அவள் கணவன். அவளுக்கு வீட்டில் எந்த இடமும் மூடப்படுவதில்லை. அவர்கள் இருவருக்கும் இடையில் மட்டும் ஒரு கோடு விழுகிறது. ஒரு விரல்கூட மேலே படக்கூடாது என்கிற அளவுக்குக் கறாரான கோடு.

சட்டத்தின் வேர் யூத வேதத்தின் மூன்றாம் நூலான லேவியராகமம். 15ஆம் அதிகாரம் மாதவிலக்கான பெண்ணுக்கு 7 நாள் தீட்டு என்கிறது. காலமில்லாத காலத்தில் உதிரம் போனால், நின்ற பிறகு 7 சுத்த நாள் எண்ணி, 8ஆம் நாள் இரண்டு காட்டுப்புறாவையோ புறாக்குஞ்சையோ ஆலயத்துக்குக் கொண்டு போகச் சொல்கிறது. அதே அதிகாரம் ஆணின் விந்து வெளிப்பட்டாலும் தீட்டு, குளித்துச் சாயங்காலம் வரை பொறுக்க வேண்டும் என்று சொல்வதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எல்லாவற்றிலும் பெரிய தீட்டு பிணத்தைத் தொடுவது. இந்தத் தீட்டுகளுக்கு எபிரேயத்தில் துமா என்று பெயர். துமா பட்டவர் எருசலேம் ஆலயத்துக்குள் போகக்கூடாது, படையல் உணவைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் அதன் வேலை. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்ததோடு இந்தச் சட்டங்களில் பெரும்பகுதிக்கு வேலையில்லாமல் போயிற்று. இன்றைக்கு ஏறக்குறைய எல்லா யூதரும் பிணத்தீட்டோடுதான் நடமாடுகிறார்கள், யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மாதவிலக்கு மட்டும் மிஞ்சியதற்குக் காரணம், அது வேறு இரண்டு இடங்களில், அதே நூலின் 18, 20ஆம் அதிகாரங்களில், கூடக்கூடாத உறவுகளின் பட்டியலிலும் வருகிறது. ஆலயம் போனாலும் படுக்கைச் சட்டம் போகவில்லை.

ஆகவே இது மணமானவர்களின் சட்டம். மணமாகாத பெண் மிக்வே என்ற முழுக்குத் தொட்டிக்குப் போவது வழக்கமில்லை. முதல் முழுக்கே கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில்தான். பெண் பெரியவளானதற்குத் திரட்டுச் சீரும் கிடையாது, பச்சை ஓலைக் குடிசையும் கிடையாது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம், மகள் வந்து சொன்னதும் தாய் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டும் பழக்கம் இருந்தது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எந்தச் சட்ட நூலிலும் அது இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நித்தாச் சட்டத்தில் செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. படிக்கட்டில் உட்கார வைத்ததற்கு யூதரைத் துணைக்கு அழைப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை.

7 நாள் எப்படி 12 ஆயிற்று? இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேதத்தில் வழக்கமான விலக்குக்கு மொத்தம் 7 நாள், காலந்தப்பிய உதிரத்துக்கு நின்ற பிறகு 7 சுத்த நாள். இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால் குழப்பம் வந்தது. தால்முத் என்பது யூதச் சமய அறிஞர்களான ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பு. அந்தக் காலத்தில் பெண்களே ஒரு முடிவெடுத்தார்கள் என்று ரபி ஸேரா சொல்வதாக அதன் நித்தா ஏட்டில் வருகிறது: கடுகளவு இரத்தம் கண்டாலும் 7 சுத்த நாள் எண்ணி உட்காருவது என்று. கடுகு என்றே சொல்கிறது மூலம். அதற்கு முன்னால் உதிரம் நிற்க ஒரு குறைந்தபட்ச நாள் வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். 1565இல் வெனிஸில் அச்சான யோசேப் கரோவின் சட்டத் தொகுப்பு 4 நாள் என்கிறது. அதற்குக் குறிப்பெழுதிய போலந்து நாட்டு மோசே இஸ்ஸெர்லெஸ் 5 நாள் என்கிறார். ஐரோப்பிய வழி வந்தவர்களுக்கு ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. கீழை நாட்டு வழியினர் பலருக்குப் பதினொன்று.

கணக்கு எப்படி ஓடும் என்று பார்ப்போம். திங்கள் பிற்பகல் 4 மணிக்கு உதிரம் கண்டால் திங்கள் முதல் நாள், வெள்ளி ஐந்தாம் நாள். வெள்ளி சூரியன் மறையும் முன் அவள் குளித்து, 'நிறுத்தச் சோதனை' செய்ய வேண்டும். ஹெஃப்செக் தஹரா என்று அதற்குப் பெயர். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி, மூன்று விரற்கடைச் சதுரம் போதும், விரலில் சுற்றி உள்ளே மெதுவாக எல்லாப் பக்கமும் திருப்பி எடுத்துப் பார்ப்பது. திருப்பூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால் நன்றாகத் துவைத்த பனியன் துணியின் பதம். கஞ்சி விறைப்புள்ள புதுத்துணி கூடாது. அது உராய்ந்து காயம் செய்துவிட்டால் அந்தக் காயத்து இரத்தமே வீண் சந்தேகத்தைக் கிளப்பும். துணி சுத்தமாக வந்தால் இன்னொரு துணியைச் சூரிய மறைவிலிருந்து நட்சத்திரம் தெரியும் வரை உள்ளேயே வைத்திருப்பார்கள். மறுநாள் சனி, சுத்த நாள் ஒன்று. காலை ஒரு முறை, மாலை மறைவுக்கு முன் ஒரு முறை சோதனை. அந்த ஏழு நாளும் வெள்ளை உள்ளாடை, வெள்ளை விரிப்பு. அடுத்த வெள்ளி ஏழாம் நாள். அன்று இருட்டிய பிறகு முழுக்கு.

இதே உதிரம் திங்கள் மாலை சூரியன் மறைந்து அரை மணி கழித்து வந்திருந்தால் அது செவ்வாய்க் கணக்கு. யூத நாள் மறைவில் தொடங்குகிறது. அரை மணி நேரத்தில் முழுக்கு வெள்ளி இரவிலிருந்து சனி இரவுக்குத் தள்ளிப் போகும். ஐந்தாம் நாள் மறைவுக்கு முன் சோதிக்க மறந்தாலும் அதே கதி, ஒரு நாள் போயிற்று. இன்னும் கொடுமை ஏழு நாளின் நடுவில் இரத்தம் படுவது. ஆறாம் நாள் பட்டாலும் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், ஏழும் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதால். காப்பர் டி போட்ட பெண்களுக்கு நடுவில் சொட்டுச் சொட்டாகப் பட்டு இந்தக் கணக்கு மாதக்கணக்கில் அலைக்கழிப்பது உண்டு.

அதனால்தான் கறைக்குச் சலுகைகள் நிறைய. உள்ளாடையில் கண்ட கறை, உடம்பில் எதையும் உணராமல் வந்தது, ஏறக்குறைய 19 மி.மீ. வட்டத்துக்குள் இருந்தால் கணக்கில் வராது. நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியது. பழைய அளவு சிலிசிய நாட்டு அவரைக் கொட்டை. வண்ணத்துணியில் கண்டாலும் கணக்கில்லை. ஆகவே சுத்த நாட்கள் தவிர மற்ற நாட்களில் வண்ண உள்ளாடையே உடுத்தச் சொல்வார்கள். சட்டம் கெடுபிடியாக இருக்கும் இடத்திலேயே தப்புவதற்கு வாசலும் வைத்திருக்கிறார்கள்.

துணியின் நிறத்தில் சந்தேகம் வந்தால் ரபியிடம் போகும். சிவப்பும் கருப்பும் தீட்டு. வெள்ளை, மஞ்சள், பச்சை தீட்டில்லை. தகராறெல்லாம் பழுப்பில்தான். துணி காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் வைத்துப் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் பழுப்பு சிவப்பாகத் தெரியும், சிவப்பு பழுப்பாகத் தெரியும். உறையில் போட்டு எந்த நாள், எந்தச் சோதனை என்று எழுதி அனுப்புவார்கள். தால்முத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற பழைய சட்டநூல் ஐந்து வகைத் தீட்டு இரத்தம் சொல்கிறது: சிவப்பு, கருப்பு, கர்கோம் நிறம், மண் கலங்கிய நீர், தண்ணீர் கலந்த திராட்சரசம். இன்றைய எபிரேயத்தில் குர்கும் என்றால் மஞ்சள் என்பதால் ஈரோட்டு மஞ்சளை நினைக்கத் தோன்றும்; இது குங்குமப்பூ. பாரசீக அரசன் ஷாபூரின் தாய் இஃப்ரா ஹோர்மிஸ், ராவா என்ற அறிஞரைச் சோதிக்க அறுபது வகை இரத்தம் அனுப்பினாள் என்று தால்முத் ஒரு கதை சொல்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், கடைசி ஒன்று தெரியவில்லை. அது பேன் இரத்தம். குருட்டாம்போக்கில் அவர் அவளுக்குப் பரிசாக அனுப்பியது பேன் சீப்பு.

தன் உள்ளாடைத் துணியை இன்னொரு ஆணிடம் காட்டுவது எந்தப் பெண்ணுக்கும் கூச்சம்தான். கேட்கவே தயங்கிச் சும்மா இருந்து, நாட்களை வீணாகக் கூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. எருசலேமில் நிஷ்மத் என்ற கல்வி நிலையம் இதற்கென்றே பெண்களைப் பயிற்றுவித்தது. முதல் அணி 1999இல் வெளிவந்தது. சட்டமும் மகப்பேறு மருத்துவமும் சேர்த்துப் படித்த இவர்களிடம் பெண்கள் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம். வந்தது நல்லது, பிந்தி வந்தது.

இந்த நாட்களில் கணவனும் மனைவியும் காக்க வேண்டிய தூரத்துக்கு ஹர்ஹக்கோத் என்று பெயர். தொடக்கூடாது. கைக்குக் கை பொருள் கொடுக்கக்கூடாது. சாவிக்கொத்தானாலும் மேசையில் வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். குழந்தையைக் கூடக் கட்டிலில் படுக்க வைத்துத்தான் அடுத்தவர் தூக்குவது என்ற வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரே தட்டில் சாப்பிடக்கூடாது. ஒரே மேசையில் எதிரெதிரே சாப்பிடலாம், ஆனால் நடுவில் வழக்கமாக அங்கே இருக்காத ஒரு பொருள் இருக்க வேண்டும், நினைவூட்ட. வெறும் செம்பு போதும். அவள் மிச்சம் வைத்த காப்பியை அவன் குடிக்கக்கூடாது. அவன் மிச்சம் வைத்ததை அவள் குடிக்கலாம். கணவன் சாப்பிட்ட இலையில் மனைவி உட்காரும் வழக்கம் அறிந்த நமக்கு இது வேறு மாதிரிக் காதில் விழும், அங்கே காரணம் வேறு: அவள் எச்சில் அவன் ஆசையைக் கிளறும் என்பது. அவன் பார்க்க அவள் அவனுக்குப் படுக்கை விரிக்கக்கூடாது, திராட்சரசம் ஊற்றிக் கையில் தரக்கூடாது. கட்டில் இரண்டு. கடையிலேயே சேர்க்கவும் பிரிக்கவும் ஆகிற மாதிரி இரட்டைக் கட்டில் வாங்குவார்கள்.

இத்தனையும் நான்கு சுவருக்குள். இன்ன நாளில் இன்ன பெண் நித்தா என்று அக்கம்பக்கம் அறியக்கூடாது. முழுக்குக்கு இருட்டிய பின் போவதிலும் அந்த மறைவு இருக்கிறது. மாமியாருக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் வாசலோரம் உட்கார்ந்திருப்பவளைப் பால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பையன் வரை அறிவார்கள். எங்கள் பார்வையில், இரண்டு வழக்கையும் ஒன்று என்று சொல்ல முடியாததற்கு இது ஒன்றே போதும்.

முழுக்குத் தொட்டியைப் பற்றி நம் பக்கத்து விவசாயிக்கு எளிதில் விளங்கும், ஏனென்றால் சட்டம் முழுவதும் தண்ணீர் எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பற்றியது. அளவு 40 சேயா (சேயா பழைய எபிரேய முகத்தல் அளவை). ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம், மூன்று முழம் ஆழம். லிட்டரில் 332 என்பாரும் 573 என்பாரும் உண்டு, கட்டுகிறவர்கள் பெரிய கணக்கையே எடுப்பார்கள். தண்ணீர் தானாக வந்து சேர வேண்டும்: மழை, ஊற்று, கடல். மனிதன் பாத்திரத்தில் மொண்டு ஊற்றியது செல்லாது. படி இறங்குகிற நம் ஊற்றுக் கிணற்றில் நேராக இறங்கி முழுகினால் அது ஊற்று நீர். அதே கிணற்றுத் தண்ணீரைச் சாலில் இறைத்துத் தொட்டியில் ஊற்றினால், எத்தனை ஆயிரம் லிட்டர் என்றாலும் மிக்வே ஆகாது. 40 சேயா சேர்வதற்கு முன் மூன்று லோக், அதாவது ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றே முக்கால் லிட்டர், மொண்ட தண்ணீர் விழுந்தாலே கெட்டது. நாற்பது சேர்ந்த பிறகு எவ்வளவு குழாய்த் தண்ணீர் வந்தாலும் கெடாது.

இந்தக் கடைசி விதியை வைத்துத்தான் நகரங்களில் கட்டுகிறார்கள். ஒரு குழியில் மழைநீர், பக்கத்தில் குளிக்கும் தொட்டியில் சுடவைத்த குழாய்த் தண்ணீர். நடுச்சுவரில் ஒரு துளை, தோல்பையின் வாய் அளவு, இரண்டு விரல் உள்ளே சுழலும் அகலம். இரண்டு தண்ணீரும் அதன் வழியாகத் தொட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீருக்கும் மழைநீரின் தகுதி வந்துவிடும்; இதை எபிரேயத்தில் 'முத்தம்' என்கிறார்கள். 200 சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும், ஒரே மழையில் குழி நிறையும். ஆனால் வழியில் மாடித் தொட்டியில் தங்கக்கூடாது, அது பாத்திரம் ஆகிவிடும். குழியில் கசிவும் கூடாது: ஊற்று ஓடினாலும் தூய்மை தரும், மழைநீர் நின்றால்தான் தரும். ஆற்றில் முழுகுவதில் சிக்கல் வருவதும் இதனால்தான். புதுவெள்ளக் காலத்தில் ஆற்றில் மழைநீர் மிஞ்சிவிடுமோ என்று அஞ்சி, மூன்றாம் நூற்றாண்டுப் பாபிலோனில் சாமுவேல் என்ற அறிஞரின் தந்தை தன் பெண்மக்களுக்கு வசந்தகால நீசான் மாதத்தில் தனித் தொட்டி கட்டினார். இலையுதிர்கால திஷ்ரி மாதத்தில் ஆற்றில் இறங்கும் இடத்தில் பாய் விரித்தார். காலில் சேறு ஒட்டக்கூடாது என்பதற்காக என்று உரைகாரர்கள் சிலர் விளக்குவார்கள்.

சேறு ஏன் பெரிய விஷயம்? தண்ணீர் உடம்பின் ஒவ்வொரு அங்குலத்தையும் தொட வேண்டும். இடையில் எது நின்றாலும் தடை. அதனால் முழுக்குக்கு முன் ஒரு மணி நேரம் குளியலே நடக்கும்: வெந்நீரில் ஊறி, முடியைச் சிக்கெடுத்து, நகம் வெட்டி, நகப்பூச்சு எடுத்து, பல்லிடுக்கில் நூல் விட்டு, காதுக் குறும்பி, கண்பீளை, பிளாஸ்திரி, கண்வில்லை எல்லாம் நீக்கி. தாலிக்கொடி, மெட்டி, மூக்குத்தி அணிகிற நம் பெண்களாக இருந்தால் அத்தனையும் கழற்ற வேண்டியிருக்கும். மருதாணிச் சிவப்பு தடையல்ல, நிறம் மட்டும்தான், மேலே பசை நிற்பதில்லை; அப்பிய மஞ்சள்தூள் தடை. ஐரோப்பிய வழியினர் அன்று பகலில் இறைச்சி சாப்பிட மாட்டார்கள், நார் பல்லில் சிக்கும் என்று. முழுக்கு வெள்ளி இரவில் விழுந்தால் சீப்புப் போடுவதும் தேய்ப்பதும் சப்பாத்தில் ஆகாது என்பதால் விளக்கேற்றும் முன்பே முடித்துவிட வேண்டும், முழுகிய பின் ஈர முடியைப் பிழியவும் கூடாது.

தொட்டியில் தொப்புளுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் வேண்டும். விறைப்பாக நிற்காமல், ரொம்பக் குனியாமல், மாவு பிசைகிற பெண் குனிகிற அளவு. உதட்டை இறுக்காமல், கண்ணைப் பிசைந்து மூடாமல். ஒரே நேரத்தில் முழு உடம்பும் உள்ளே போக வேண்டும். மிதக்கும் ஒரே ஒரு முடி போதும், முழுக்கு செல்லாது. மேலே நிற்கும் பெண்மணி அதைப் பார்த்து 'கஷேர்', அதாவது செல்லும், என்று குரல் கொடுப்பார். ஐரோப்பிய வழியில் ஒரு முழுக்கு, பிறகு தண்ணீரில் நின்றபடி ஆசிமொழி, மறுபடி முழுக்கு.

ஒரு மணி நேரம் குளித்த பிறகு முழுகுகிறவளுக்கு அழுக்குப் போக்க வேண்டியதே இல்லை. சுகாதாரம் என்கிறவர்கள் இந்த ஒன்றை யோசித்தாலே போதும். மருத்துவரும் யூதச் சட்ட அறிஞருமான மைமோனிடஸ் (1138–1204) சட்டத் தொகுப்பில் முழுக்குப் பகுதியை முடிக்கும்போது இதைத் தெளிவாகவே சொல்கிறார்: துமா என்பது தண்ணீரில் கழுவிப் போகும் சேறோ மலமோ அல்ல, வேதத்தின் ஆணை, உள்ளத்தின் நோக்கத்தைப் பொறுத்தது. அறிவியல் காரணம் சொன்னால் சட்டம் சில சமயம் மருத்துவத்துக்கு எதிராகவே போகிறது. 24 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குப் பத்தாம் நாள் வாக்கில் கருமுட்டை வெளிப்படும்; முழுக்கு பன்னிரண்டாம் நாள் இரவு. மாதாமாதம் நாள் தவறும், குழந்தை தங்காது. இஸ்ரேலில் இத்தகைய பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்துக் கருமுட்டையைத் தள்ளிப் போடுகிறார்கள். மாரியம்மன் நோம்பிக்கு மாத்திரை போட்டு நாளைத் தள்ளிப் போடும் நம் பெண்களுக்கு இது புதிதல்ல. உடம்பைச் சட்டத்துக்கு வளைப்பதா, சட்டத்தை உடம்புக்கு வளைப்பதா என்று அங்கே மருத்துவர்களும் ரபிகளும் வெளிப்படையாகவே மோதிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் ஆன்மிகப் பொருள் என்ன? ஒரே பதில் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டு ரபி மெயிர் சொன்னது: பழகிப் பழகிச் சலிப்பு வரும், ஆகவே விலகியிருந்து, மணமேடை ஏறிய நாள் போல மீண்டும் அவள் அவனுக்குப் பிரியமாகட்டும். இன்றும் மணப்பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கும் வகுப்புகளில் இதுவே முதல் பாடம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. பிள்ளை பெற்று உடைந்து கிடப்பவளை வாரக்கணக்கில் கணவன் தோளில் சாய விடாத சட்டத்துக்கு அது பதிலாகாது. இன்னொரு விளக்கம், மரணத்தின் சாயல் பட்ட இடமெல்லாம் துமா, உருவாகாமல் போன உயிரின் தடம் இது, தண்ணீரில் இறங்கி எழுவது மறுபிறப்பு என்பது. அமெரிக்க இறையியலாளர் ரேச்சல் ஆட்லர் 1970களில் இதை அழகாக எழுதினார், பல பெண்கள் அதைப் படித்து மிக்வேக்குத் திரும்பினார்கள். 1993இல் அவரே அதை மறுத்து எழுதினார். எல்லோருக்கும் பொதுவான தீட்டு என்று தான் விளக்கியபோது, மற்ற எல்லாத் தீட்டும் வழக்கொழிந்து பெண்ணுடையது மட்டும் மிஞ்சியிருப்பதை மறைத்துவிட்டேன் என்பது அதன் சாரம். எழுதியதைத் திரும்பப் பெற இவ்வளவு நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

யூத மரபில் இருண்ட பக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நித்தா, பிசைந்த மாவில் ஒரு பங்கை எடுத்து வைப்பது, சப்பாத் விளக்கு ஆகிய மூன்றில் கவனக்குறைவாக இருந்தால் பெண் பிரசவத்தில் இறப்பாள் என்று மிஷ்னா மிரட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டு வேத உரையாசிரியர் நக்மனிடஸ், விலக்கான பெண் கண்ணாடியை உற்றுப் பார்த்தால் அதில் இரத்தத் துளிகள் தோன்றும் என்று நம்பினார். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த சரக்கு அது. நிழல் பட்டால் செடி கருகும், ஊறுகாய் கெடும் என்கிற நம் பேச்சுக்கு ஒன்றுவிட்ட உறவு. இதற்கு எதிர்க்குரலும் அதே நூல்களில் உண்டு. பழைய பெரியவர்கள் நித்தா கண்ணுக்கு மையிடக்கூடாது, வண்ணச்சீலை உடுத்தக்கூடாது என்றார்கள். ரபி அகிவா குறுக்கிட்டு, இப்படிச் செய்தால் கணவனுக்கு அவள் அருவருப்பாகிவிடுவாள், தள்ளிவிடுவான் என்று அதை மாற்றினார். மைமோனிடஸ் சாபியர்கள் என்ற பண்டைய விக்கிரக வழிபாட்டினரைப் பற்றி எழுதும்போது, அவர்கள் விலக்கான பெண்ணைத் தனிவீட்டில் வைத்து, அவள் மிதித்த இடத்தைச் சுட்டு, அவள் மேல் பட்ட காற்று பட்டாலும் தீட்டு என்றார்கள் என்கிறார். யூதச் சட்டம் அப்படியல்ல, அவள் வீட்டு வேலையெல்லாம் செய்வாள் என்று காட்டவே அதைச் சொல்கிறார். உங்கள் வாசகர் எதற்கு யூதரைத் துணைக்கு அழைத்தாரோ, அதைத்தான் மைமோனிடஸ் மறுத்து எழுதியிருக்கிறார்.

கோயில் விஷயமும் இதோடு சேர்ந்தது. வேத வசனத்துக்குத் தீட்டு ஏறாது என்பது தால்முத்தின் வாக்கு. நித்தாவானாலும் தோரா என்ற வேதச் சுருளைப் பிடித்து வாசிக்கலாம் என்று மைமோனிடஸும் யோசேப் கரோவும் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் சில ஊர்களில் பெண்கள் அந்த நாட்களில் ஜெப ஆலயத்துக்கு வராத வழக்கம் இருந்தது. இஸ்ஸெர்லெஸ் அதைப் பதிவு செய்துவிட்டு, சட்டப்படி எல்லாம் ஆகும் என்கிறார். அந்த வழக்கமுள்ள ஊரிலும் புத்தாண்டு, பாவநிவாரண நாட்களில் வரலாம், ஊரே கூடும்போது அவள் மட்டும் வெளியே நின்றால் மனம் வேதனைப்படும் என்று காரணமும் சொல்கிறார். பதினாறாம் நூற்றாண்டுப் போலந்தில் எழுதிய வரி இது.

கடைசியாக அந்தப் படம். ஊருக்கு வெளியே குடிசை கட்டிப் பெண்ணை 7 நாள் வைத்த யூதர்கள் உண்டு: எத்தியோப்பியாவின் பேத்தா இஸ்ராயேல் மக்கள். குடிசையைச் சுற்றிக் கல் அடுக்கி எல்லை வைப்பார்கள், சாப்பாட்டை அந்த எல்லையில் வைத்துவிட்டு வருவார்கள். ஆண் பிள்ளை பெற்றால் 40 நாள், பெண் பிள்ளைக்கு 80. தால்முத் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. லேவியராகமத்தை எழுத்துக்கு எழுத்து காத்தார்கள். 1984இலும் 1991இலும் விமானங்களில் இஸ்ரேலுக்கு அழைத்து வரப்பட்ட பிறகு அடுக்குமாடி வீடுகளில் குடிசைக்கு இடமில்லை. சிலர் தனி அறையில் ஒதுங்கினார்கள், சிலர் பால்கனியில். இளையவர்கள் மற்றவர்களைப் போல மிக்வேக்குப் போகத் தொடங்கினார்கள். நீங்கள் வெளியிட்ட குடிசை அவர்களுடையதாக இருந்தால் படத்துக்குக் கீழே எத்தியோப்பியா என்று போட்டிருக்க வேண்டும். வேறு எங்கோ எடுத்த படமானால் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சமய நூல்கள் கற்பிக்கும் வாசகர்கள்,
தாராபுரம்.